எதிர் ஆசனத்தில் இருப்பவர்

முன்பின் அறியாத ஒருவரைப் பொது இடத்தில் உற்றுப் பார்ப்பது தவறா என்று கேட்டால், கண் இருப்பதே பார்ப்பதற்குத்தானே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள், பார்க்கப்படுகிறவரின் ஸ்தானத்தில் தம்மை ஒரு கணமேனும் வைத்து யோசித்தவர்களாக இருக்க முடியாது.

கிராமத்து விஷயம் வேறு. பஸ்ஸை விட்டு இறங்கி வரும் புதுமுகத்தைத் திண்ணையில் இருப்பவர்கள் தலைமுதல் கால்வரை தயக்கமின்றி அளப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பார்வை பார்வையோடு நின்றுவிடுவதில்லை. “எந்த ஊருங்க, யார் வீட்டுக்கு?” என்ற கேள்வி பின்தொடரும், வழி சொல்வார்கள், வெயில் நேரமாயின் ஒரு செம்பு தண்ணீரும் கிடைக்கும். (அதே கேள்வியில் ஜாதியைத் துருவும் விஷமமும் சில சமயம் ஒளிந்திருப்பதுண்டு.) எப்படியாயினும், பார்த்தவர் தம்மையும் வெளிப்படுத்திக்கொண்டு, பெற்றதற்கு ஈடு செய்துவிடுகிறார்.

நகரம் இந்தக் கொடுக்கல் வாங்கலை அறுத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலும் டிராமும் வருவதற்கு முன், ஒரு வார்த்தையும் பேசாமல் மணிக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கும் நிர்ப்பந்தம் மனிதருக்கு ஏற்பட்டதில்லை என்று ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சிம்மல் 1908-இல் வெளியிட்ட சமூகவியல் நூலில் குறித்தார். சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. அந்தச் சங்கடம் மட்டும் புறநகர் ரயிலுக்கு மாறி ஏறிக்கொண்டது. இதற்கு நகரவாசிகள் தாமாகவே கண்டுகொண்ட உபாயத்தை சமூகவியல் அறிஞர் எர்விங் காஃப்மன் 1963-இல் வர்ணித்திருக்கிறார்: வந்தவர் இருப்பதைக் கண்டுகொண்டதற்கு அடையாளமாக ஒருமுறை நோக்கி, அவர் ஆராய்ச்சிக்குரிய பொருளல்லர் என்று அவரே உணரும்படி உடனே கண்ணை விலக்கிக்கொள்வது.

ஆகவே குற்றம் பார்ப்பதில் இல்லை; பார்ப்பது தெரிந்துவிட்ட பின்னும் விடாமலிருப்பதில் இருக்கிறது. குழந்தை வெறித்துப் பார்த்தால் யாரும் கோபிப்பதில்லை, ஏனெனில் நாம் சிரித்தால் அதுவும் சிரித்துவிடும். தனியே பிரயாணம் செய்யும் பெண், முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிய பிறகும் கண்ணை எடுக்காதவனோ, அவளுடைய நிம்மதியை அபகரித்துக்கொண்டு, அதற்கு ஈடாக எதையும் தராதவன். தமிழ்நாட்டில் 1998-இல் ஈவ்டீசிங் தடுப்புச் சட்டம் வந்தது உண்மைதான். எனினும் சொல்லுக்கும் செயலுக்கும் சாட்சி கொண்டுவரலாமேயன்றி, ஒரு பார்வை எத்தனை கணம் நீடித்தது என்பதற்கு எந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது? இத்தகைய பார்வையைத் தடுக்கும் காவலில் பெரும்பகுதி மரியாதையின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது.

அப்படியானால் பார்க்காமலே இருந்துவிடுவது உத்தமம் என்ற முடிவுக்கும் வருவதற்கில்லை. முகத்தில் தீக்காயத் தழும்புள்ள ஒருவர் எதிர் ஆசனத்தில் வந்து அமர்கிறார். அவரை வெறிப்பவரைப்போலவே, கண்ணில் பட்டதும் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் அவரைப் புண்படுத்துகிறார், அந்த அவசரம் அவருக்குப் பழகிப்போன ஒன்றாகையால். முந்திய ஸ்டேஷனில் ஏறியவருக்கு எவ்வளவு பார்வை கிடைத்ததோ அவ்வளவே இவருக்கும் உரியது. அநுதாபத்தினால்தான் பார்த்தேன் என்பது சமாதானமாகாது. அவர் அநுதாபம் வேண்டி ரயிலேறவில்லை, தாம்பரத்தில் இறங்க வேண்டியிருப்பதால் ஏறியிருக்கிறார்.