சாமுண்டி மலைப் படிகளும் சங்கல்பமும்

மைசூரு சாமுண்டி மலையின் உச்சியிலுள்ள சாமுண்டேசுவரி கோயிலுக்கு அடிவாரத்திலிருந்து சுமார் 1,000 கற்படிகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அவை அமைக்கப்பட்டன. பாதி வழிக்கு மேல், ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது.

இப்படிகளில் இருவகையினர் ஏறுகின்றனர். ஒருவர் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுச் செல்வார். அவரைக் கடந்து, விடியற்காலையில் உடற்பயிற்சிக்காகக் கூடிய நண்பர் குழு ஏறிப்போகும். இரண்டாமவரின் ஏற்றமும் வழிபாடாகுமா என்பதே கேள்வி.

சடங்கு மரபில் சங்கல்பம் இன்றியமையாதது. இன்ன பயனுக்காக இதைச் செய்கிறேன் என்று உறுதி கொள்ளாத செயல் வெறும் உழைப்பே. பக்தி மரபு வேறுவிதமாகச் சொல்கிறது. சிவராத்திரி இரவில் விலங்குக்கு அஞ்சி வில்வ மரத்தில் ஏறிய வேடன், தூக்கம் வராதிருக்க இலைகளைப் பறித்துப் போட்டான். கீழே லிங்கம் இருப்பதை அறியாமலே அருள் பெற்றான் என்கிறது புராணக் கதை.

இரண்டுக்கும் இடையில் குழுவின் நடத்தை நிற்கிறது. மூச்சு வாங்குபவருக்காக நந்தியருகே காத்திருப்பதும், தண்ணீரைப் பகிர்வதும், படிகளில் குப்பை போடாதிருப்பதும் அறச் செயல்கள். அவற்றுக்குச் சங்கல்பம் தேவையில்லை. வழிபாடென எண்ணாமல் ஏறியவருக்குப் புண்ணியம் உண்டா என்பதில் மரபுகள் மாறுபடலாம். உடன் வந்தவரை விட்டுவிட்டு முதலில் உச்சியை அடைவதைப் புண்ணியம் என எந்த மரபும் சொல்வதில்லை.