வருஷப் பிறப்பும் நம்பிக்கையும்



டிசம்பர் 31 இரவுப் பூசை முடிந்து வாசலில் நிற்கையில், உங்களில் பலர் வருஷந்தோறும் என்னைக் கேட்பதுண்டு: “சாமி, வர்ற வருஷமாவது நல்லபடியா இருக்குமா?” எனக்குத் தெரியாது. குருப்பட்டம் பெற்றதனால் எதிர்காலம் தெரிந்துவிடுவதில்லை. தட்டில் வைத்து எடுக்கச் சொல்லும் வசனச் சீட்டுக்கும் அது தெரியாது. கண்டிப்பான வசனம் வந்துவிட்டால் அதை மெல்லப் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கிற கைகளை நான் பார்த்திருக்கிறேன்!

வருகிற வருஷம் சுகமாயிருக்கும் என்று எண்ணுவது வேறு. நம்பிக்கை என்னும் புண்ணியம் வேறு. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறபடி, நம்பிக்கை நாடுவது எளிதில் கைக்கு வரும் பொருளையன்று. அடைவதற்கு அரிதான, ஆயினும் தேவ உதவியால் அடையக்கூடிய நன்மையையே நாடுகிறது. அதற்கு விரோதமான பாவங்கள் இரண்டு. ஒன்று மிஞ்சின நம்பிக்கை, மற்றொன்று அவநம்பிக்கை. குருமடத்தில் இதை மனப்பாடமாய் ஒப்புவித்தேன். ஆனால், மனமுடைந்து கிடக்கிற ஒருவனுடைய அவநம்பிக்கை அவனுடைய பாவம் மட்டுந்தானா என்னும் கேள்வி எனக்கு ஒரு கிராமத்துக் கோவிலில்தான் எழுந்தது.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தேன். தென்னையே அங்கே பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், முதியவரின் மருந்து எல்லாம். ஓர் இரவில் தோப்புகள் படுத்துவிட்டன. நெட்டைத் தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஆறேழு வருஷமாகும். அந்த வட்டாரத்தில் துயரம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைத் தீர்ப்பிட நான் யார்?

அவ்வருஷக் கடைசி இரவில் கோவில் ஓடு பாதி இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே பூசை வைத்தேன். “எல்லாம் சரியாகிவிடும்” என்று பிரசங்கித்தேன். சொல்லும்போதே அது வெறும் வார்த்தையென்று எனக்குத் தெரிந்தது. ஒருவருடைய சம்சாரம் மட்டும் தனியாக வந்திருந்தாள். அவர் மூன்று வாரமாய்த் திண்ணையை விட்டு இறங்கவில்லை என்றாள்.

பூசை முடிந்ததும் நானும் உபதேசியாரும் நாலைந்து பேரும் அங்கே போனோம். நான் யோபு ஆகமத்திலிருந்து இரண்டொரு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். உபதேசியார் முந்திக்கொண்டார். “அண்ணே, நாளைக்கு எங்க தோப்புல மரம் அறுத்து ஒதுக்கணும். ஆள் பத்தல. கோடாலிய எடுத்துக்கிட்டு வர்றீங்களா?” அவ்வளவுதான். அவர் பதில் சொல்லவில்லை. நாங்கள் திரும்பினோம். இந்த நேரத்திலா வேலைக்குக் கூப்பிடுவது என்று வழியிலேயே உபதேசியாரைக் கடிந்துகொண்டேன்.

பிற்பாடு அர்ச். தோமாஸின் நூலைப் புரட்டினேன். ஒருவன் பிறனுக்காக நம்பலாமா என்று அவரே அங்கே கேட்கிறார். சிநேகத்தால் அவனோடு ஒன்றாய் இணைந்திருந்தால், தனக்காக நம்புவதுபோல் அவனுக்காகவும் நம்பலாம் என்பது அவர் விடை. அவர் பேசுவது நித்திய பாக்கியத்தைப் பற்றித்தான். ஆயினும் திண்ணையில் கிடப்பவனுக்கு நாளைய தினமும் அரிதான நன்மையே. அவன் கையிலிருந்து நழுவினதைக் கொஞ்ச காலம் அக்கம்பக்கத்தார் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க ஒருவரும் இல்லாதபோது, பாவக் கணக்கை அவன் பேரில் மட்டும் எழுத எனக்குத் துணிவில்லை.

ஜனவரி முதல் தேதி காலைப் பூசைக்கு அவர் வரவில்லை. தோப்புக்கு வந்துவிட்டார்.

இந்த 31ஆம் தேதி பூசை இரவு 11 மணிக்கு. முதல் மணி 10க்கு அடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில், உங்கள் தெருவில் வெகு நாளாய்க் கோவில் பக்கம் வராத வீடு எதுவோ அங்கே போய் வாருங்கள். உபதேசம் வேண்டாம், ஏதாவது ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், பந்தல் பிரிக்க இன்னும் ஆறு ஆள் குறைகிறது.