வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளும் நமது பொறுப்பும் – ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



ஒரு குழந்தைக்கு 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை. இன்னொன்று 9 மாதம் தாண்டியும் பிடிக்காமல் உட்காரவில்லை. மற்றொன்று ஒன்றரை வயதாகியும் தானாக நடக்கவில்லை. வீட்டில் என்ன சொல்கிறோம்? "இவன் வாப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு, பொறுமையா இரு." பெற்ற தாய்க்கு மனம் உறுத்துகிறது. ஆனால் மாமியாரும் கணவரும் சொல்லும்போது அவள் வாயை மூடிக்கொள்கிறாள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடிவிடுகிறது. இதற்கு நாம் தவக்குல் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்துவிட்டுச் சாட்டுவதா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். திர்மிதீயில் வரும் இந்தச் செய்தியைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. வியாபாரத்தில் அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறோம். கடையைப் பூட்டாமல் யாரும் ஜும்ஆவுக்கு வருவதில்லை. பிள்ளை விஷயத்தில்தான் கயிறு கையில் இருக்க, கட்டாமல் நிற்கிறோம்.

மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில். பயிற்சி அப்போது பிடிப்பதுபோல் பிறகு பிடிப்பதில்லை. விறைப்பான தசையைக் கவனிக்காமல் விட்டால் அது சுருங்கி, மூட்டு மடங்கியே நின்றுவிடக்கூடும். எனவே நோய்க்குப் பெயர் தெரியட்டும் என்றுகூடக் காத்திருக்க வேண்டாம். பரிசோதனை ஒருபக்கம் நடக்கட்டும், பிசியோதெரபி இன்னொருபக்கம் தொடங்கட்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கற்றதை மறந்து பின்னோக்கிப் போனால் அந்த வாரமே காட்டுங்கள்.

காசு இல்லையே என்பவர்களுக்கு: மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அங்கன்வாடியிலும் கேளுங்கள்.

ஆனால் வாரத்தில் ஓரிரு மணி நேரம் தெரபி கொடுத்தால் மட்டும் போதாது. மீதி நேரம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. சஹனில் தன் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும், பாதி கொட்டினாலும் பரவாயில்லை. உளூ செய்யும்போது பிடித்து நிற்க வையுங்கள். இதைத் தாய் மட்டும் கற்றுக்கொண்டால் அவள் முதுகு ஒடிந்துவிடும். வாப்பாமார்களே, தெரபிக்கு நீங்களும் போய் உட்காருங்கள்.

எல்லாப் பிள்ளையும் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு வீல்சேர்தான் காலாக இருக்கும். அதற்காகப் படிப்பை நிறுத்தி வைக்கலாமா? "நடக்கப் பழகியதும் கூட்டி வாங்க" என்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமையைத் தருகிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வு உங்களுடையது. அதற்கு முந்திய வயதில் பால்வாடியோ நர்சரியோ, கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மணி நேரம் அங்கே இருந்து பாருங்கள். மற்ற பிள்ளைகள் பாடும்போது, விளையாடும்போது உங்கள் பிள்ளையையும் சேர்க்கிறார்களா, அல்லது மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களா? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போகிறார்கள்? தெரபிஸ்ட் சொன்னபடி உட்கார வைக்க ஆசிரியை தயாரா? அன்பான ஓர் ஆசிரியை இருக்கும் சிறிய பள்ளியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தைக் கேட்கிற நாம் நமது மக்தபையும் கேட்க வேண்டும். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முஅத்தினாகவும், தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பாளராகவும் வைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் மக்தப் மாடியில் இருக்கிறது, 14 படிகள். நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு பிள்ளை சேர்ந்தால் அந்த வகுப்பு கீழே, இந்த ஹாலிலேயே நடக்கும். மஹல்லாவில் அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், தொழுகை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.