ஏவும் கையும் இயக்கும் கையும்

ஒரு செயலைச் செய்தவர் யார் என்னும் வினா எளியது போலத் தோன்றும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் முன்னோர் அதற்கு விடையும் கூறி வைத்தனர். ஆனால் அம்புக்குக் கண்ணில்லை, செவியில்லை, மாலையில் அரிசியோடு வருவான் என்று காத்திருக்கும் பிள்ளைகளும் இல்லை. ஏவப்படுவது மனிதனாக இருக்குமிடத்து அப்பழமொழி போதுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருளாகும்.

செம்பூர்த் திலக் நகரில் வாழும் நமக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. வீட்டு வாரியம் எழுப்பிய பழைய குடியிருப்புகள் பல இங்கே இடிக்கப்பட்டு, அவை நின்ற மனைகளில் உயர்ந்த மாடங்கள் எழுந்துள்ளன. இடிப்பதும் தோண்டுவதும், பொக்லைன் என்றும் ஜேசிபி என்றும் மக்கள் அழைக்கும் இயந்திரங்களே. முன்னது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். பின்னது ஓர் ஆங்கிலேயர் பெயரின் முதலெழுத்துகள். இயந்திரம் செய்தவர் பெயரை ஊரே அறியும். அதனை ஓட்டுபவர் பெயரையோ எவரும் கேட்பதில்லை. 'ஆபரேட்டர்' என்பதோடு சரி.

அவர் தொழில் எளியதன்று. 20 டன் எடையுள்ள இயந்திரத்தை இரண்டு கைப்பிடிகளால் ஆள்கிறார். அவர் அமரும் அறை இடப்பக்கம் இருத்தலால், உயர்ந்தெழும் இரும்புக் கை வலப்பக்கத்தை மறைக்கும். இயந்திரம் சுழலும்போது அதன் பின்பாரம் எவரையும் நசுக்கிவிடக்கூடும். ஆதலின் கீழே நின்று சைகை காட்டுபவரின் கண்ணே அவருக்கு இரண்டாம் கண்ணாகிறது. வேலை முடிந்து இறங்குமுன் வாளியைத் தரையில் படியவைத்தல் அவர் காக்கும் ஒழுங்கு.

இனி வினாவுக்கு வருவோம். குடியிருப்போர் இசைந்து காலி செய்த கட்டடத்தை இடிப்பதும், அடுப்பு அணையாத குடிசையை இடிப்பதும் கைப்பிடியின் அசைவில் ஒன்றே. அறத்தில் ஒன்றாகுமா?

1981 ஜூலையில், அன்று பம்பாய் எனப்பட்ட இந்நகரில், நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்புவது என்று மாநில முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். 1961-இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, விலே பார்லேயில் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருந்த நிலமற்ற தமிழ்த் தொழிலாளி ஒருவரின் குடிசை அம்மாதம் 23-ஆம் நாள் தகர்க்கப்பட்டது. மனைவி மக்களோடு அவர் சேலத்துக்குப் பேருந்தேற்றப்பட்டார். குடும்பத்தை அங்கே விட்டு, வேலை தேடி அவர் மட்டும் மீண்டும் இந்நகரத்து நடைபாதைக்கே வந்து சேர்ந்தார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனப்படும் வழக்கில், 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, வாழும் உரிமையுள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றனர். எனினும் அகற்றுதலை அடியோடு தடுத்தாரல்லர். மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும் என்ற அளவில் நின்றனர்.

கருவி கடப்பாரையாயினும் இயந்திரமாயினும், இடித்த கை ஒன்று இருந்தது. அக்கை யாருடையது என்று வழக்கேடு கூறவில்லை. கூறவேண்டியதும் இல்லை என்பர் சிலர். உத்தரவு மேலிருந்து வந்தது. அவர் கூலிக்கு உழைத்தார். அவர் மறுத்தால் வேறொருவர் ஏறி அமர்வார் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் குறிப்பெழுதுபவர், சரிபார்ப்பவர், ஒப்பமிடுபவர், அனுப்புபவர் என ஒவ்வொருவரும் இதனையே சொல்லக்கூடும். அலுவலகத்தில் கோப்பெழுதும் நம் போன்றோர் இதனை நன்கறிவோம். பலர் கைமாறிய செயல் எவர் செயலும் அன்று என்றாகிவிடுகிறது. குடிசை மட்டும் இடிந்து கிடக்கிறது.

இந்நிலையை ஒருவாறு உணர்ந்தே 2024 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம், 15 நாள் முன்னறிவிப்பின்றி வீடுகளை இடித்தல் ஆகாது என்றும், விதி மீறிய அதிகாரியே தம் பொறுப்பில் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும் விதித்தது. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களின் கட்டுமானங்களுக்கு இது பொருந்தாது என்னும் விலக்கும் அதில் உண்டு. பொறுப்பு ஏவிய கையைத் தேடிச் சென்றது நன்றே. இயக்கும் கைக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கட்டடத் தொழிலாளர்கள் 1971 முதல் சில ஆண்டுகள் இதற்கு ஒரு விடை தந்தனர். ஜாக் மண்டி முதலியோர் தலைமையில், பசுமை நிலத்தையும் எளியோர் வாழும் பழைய தெருக்களையும் அழிக்கும் வேலைக்கு வாரோம் என்று அவர்தம் சங்கம் மறுத்தது. அவ்வாறு மறுக்க அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஒப்பந்தக்காரரிடம் தனியாளாய்ப் பணிபுரியும் நம் ஓட்டுநரிடம் அத்துணிவை எதிர்பார்த்தல் தகாது. துணிவின் விலையை அவர் பிள்ளைகளே கொடுக்க நேரும்.

திருவாரூர் மனுநீதிச் சோழன் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. கன்றைக் கொன்ற மகன் மீது தேரை ஓட்டுமாறு மன்னன் அமைச்சனை ஏவினான். அமைச்சன் அதனைச் செய்ய மாட்டாமல் தன் உயிரை விட்டான். பின்னர் மன்னன் வேறொருவனை ஏவவில்லை. தானே தேர் ஏறினான். ஏவுபவன் தானே செய்யத் துணியாததைப் பிறன் கையால் செய்வித்தல் அறமன்று என்பதே நாம் இதிற்கொள்ளும் பொருள். அவ்வரலாற்றில் அரண்மனை வாயில் மணியும் உண்டு. அதனை அடிக்கும் உரிமை பசுவுக்கும் இருந்தது.

அம்மணிக்கு நிகரான விதி ஒன்று பாரந்தூக்கி ஓட்டுநர் தொழிலில் இன்றும் உளது. தூக்கு, இறக்கு, திருப்பு என்னும் சைகைகளை அதற்கென அமர்த்தப்பட்டவர் மட்டுமே காட்டலாம். 'நிறுத்து' என்னும் சைகையை எவர் காட்டினும் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளர் ஆயினும், வழிப்போக்கர் ஆயினும், சிற்றாள் ஆயினும் ஒன்றே. செய்யச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எல்லார்க்கும்.

விபத்தைத் தவிர்க்க வந்த இவ்விதியை அறத்துக்கும் உரியதாகக் கொள்ளலாம் என்பது நம் துணிபு. நம் வீட்டு இளைஞர்கள் இந்நகரிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வேலைக்குச் செல்கின்றனர். உலகைத் திருத்தும் சுமையை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டா. உள்ளே ஆள் உண்டா என்று பார்த்தல், எதிரே ஒரு கை உயர்ந்தால் கைப்பிடியை விடுதல், இவ்விரண்டும் அவர்கள் பங்கு. நிறுத்தியவன் கூலி இழவாதவாறு காத்தல், எழுத்தில் ஆணை தருதல், இடிக்குமிடத்தில் தாமே வந்து நிற்றல் ஆகியவை ஏவுவோர் பங்கு. இப்பங்கே பெரிது. கோப்பின் மேலும் எவரோ ஒருவர் கை உயர்த்தக்கூடும். அதனைக் கண்டு பேனாவை நிறுத்துதல் நம் பங்கு.