ஒத்துக்கொண்ட வெள்ளம்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் ஆட்களிடம் மற்றவர்கள் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் உண்டு. "ஏரியில போய் வீடு கட்டினா தண்ணி வராம என்ன பண்ணும்?" நீயாகத் தேர்ந்தெடுத்தாய், நீயே அனுபவி என்பது அதன் பொருள். இந்த 'நீயாக' எனக்கு நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாக யோசிக்க உதவியது, சம்பந்தமே இல்லாத ஓர் ஊர்: இலங்கையில் களனி ஆற்றங்கரையில் இருக்கும் கித்துல்கல.

அலுவலக நண்பர்களோடு கொழும்புக்குப் போயிருந்தபோது அங்கே ராஃப்டிங் போனோம். எனக்கு அதுதான் முதல் முறை. கரையோரக் கொட்டகையில் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், துடுப்பு எல்லாம் கொடுத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். என்ன ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று அதில் எழுதியிருந்தது. மென்பொருளில் 'ஐ அக்ரீ' பொத்தான்கள் வைத்துப் பிழைப்பவன் நான். அவற்றை யாரும் படிப்பதில்லை என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும், படிக்க வேண்டும் என்று அவை எழுதப்படுவதும் இல்லை. அதனாலோ என்னவோ, இந்தத் தாளை முழுக்கப் படித்தேன். ஆற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை.

ஆற்றைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகு வந்த வழிகாட்டிப் பையன். பாய்ச்சல்களை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பார்கள், இங்கே இருப்பது இரண்டும் மூன்றும்தான் என்றான். 'பட்டர் க்ரஞ்ச்', 'ஹெட் சாப்பர்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். விழுந்துவிட்டால் மல்லாக்கப் படுத்து, காலை முன்னால் நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும், ஆபத்தே அதுதான். மேலே மின்நிலையங்கள் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கின்றன என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கடைசியாக, "யாருக்காவது வேணாம்னு தோணினா இப்பவே சொல்லலாம், வேன் இருக்கு" என்றான் ஆங்கிலத்தில். என் சம்மதம் கையெழுத்தில் இல்லை, இந்தப் பேச்சில்தான் உருவானது. ஆற்றின் தரம் சொல்லப்பட்டது. ஆற்றை அறிந்தவன் அதே படகில் ஏறினான். இறங்கிப் போக வேனும் நின்றது.

தண்ணீருக்குள் போன பிறகு இன்னொன்று புரிந்தது. பெரிய அலை எதிரே வரும்போது உடம்பு கேட்பது கயிற்றை இறுக்கிப் பிடிக்கத்தான். அப்போதுதான் அவன் "ஃபார்வர்ட்!" என்று கத்துவான், துடுப்புப் போட்டே ஆக வேண்டும். தண்ணீரின் வேகத்திலேயே போகும் படகைத் திருப்ப முடியாது. அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் படகு சொன்ன பேச்சைக் கேட்கும். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார், பாறையில் மோதி இரையும் பேராற்றில் போகும் புணையைத்தான் உயிருக்கு உவமை சொல்கிறார். அந்தப் பாட்டின் முதல் வரியைத் தாண்டாதவர்களே அதிகம் என்பதால் இந்தப் படகு பலர் கண்ணில் படுவதில்லை. அவருடைய புணை நீரின் வழியே போகிறது, துடுப்பைப் பற்றிய பேச்சே இல்லை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. துடுப்புக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல.

சௌன்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாமாக ஏற்கும் ஆபத்து நம்மேல் சுமத்தப்படும் ஆபத்தைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம் என்பது அவர் கணக்கு. பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள் பின்னால் இதைக் கேள்வி கேட்டார்கள். விருப்பம் மட்டும் இல்லை, அந்த ஆபத்து எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு திகிலூட்டுவது என்பதும் கணக்கில் வரும் என்றார்கள். எனக்குச் சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது. 'நாமாக' என்று முடிவு செய்வது யார்?

கித்துல்கலவில்தான் 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை எடுத்தார்கள். இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். படம் ஆங்கிலேயப் போர்க்கைதிகளைப் பற்றியது. உண்மையான சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களில் பலர் கூலி தருகிறோம் என்ற பேச்சை நம்பி முதலில் தாங்களாகவே ரயில் ஏறியவர்கள். ஏடுகளில் அதுவும் 'விருப்பம்' என்றுதான் பதிவாகியிருக்கும்.

தாம்பரத்துக்கு வருகிறேன். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்னமும் சொல்கிறார்கள். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகளின் தண்ணீர். மூழ்கியவர்களுக்கே எந்தத் தண்ணீரில் மூழ்கினோம் என்று தெரியாதபோது, எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

என் பெரியம்மா வரதராஜபுரத்தில் இருக்கிறார். பெரியப்பாவின் பி.எஃப். பணத்தில் வாங்கிய மனை. ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை, வேன் வைத்து அழைத்துப்போய்க் காட்டினார்கள், மதியச் சாப்பாடும் போட்டார்கள். பத்திரப்பதிவு, பட்டா, வங்கிக் கடன், மின் இணைப்பு, வீட்டு வரி என்று எத்தனையோ கையெழுத்துகள். அந்தக் கையெழுத்துகளை வாங்கியவர்களில் ஒருவர் கூட ஆற்றின் தரத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களிடம் வரைபடம் இருந்தது. தண்ணீர் வந்த ராத்திரி இறங்கிப் போக வேனும் இல்லை. மறுநாள் மீனவர்களின் ஃபைபர் படகு வந்துதான் மொட்டைமாடியிலிருந்து இறக்கினார்கள். அதே ஆரஞ்சு ஜாக்கெட்.

நான் ராஃப்டிங் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டது: "ஏன்டா, காசு குடுத்தாடா இதுல போன?"

கேலிதான். ஆனால் கித்துல்கலப் பையனிடம் பயமாக இல்லையா என்று நான் கேட்டதற்கு, தண்ணீர் விடாத நாள்தான் பயம், அன்று கூலி கிடையாது என்று அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. என் ஒன்றரை மணி நேர 'துணிச்சல்' அவனுக்கு ஒரு நாளில் மூன்று முறை. அவனும் தானாகத்தான் செய்கிறான் என்று ஸ்டாரின் கணக்கு எழுதிக்கொள்ளும்.

பெரியம்மா வீட்டை விற்கவில்லை. எந்த மனசாட்சியோடு இன்னொருத்தன் தலையில் கட்டுவது என்கிறார். அக்டோபர் பிறந்ததும் பத்திரத்தைப் பாலிதீனில் சுற்றிப் பரண்மேல் வைப்பார், ஆதனூரில் தெரிந்த பால்காரருக்குப் போன் போட்டுக் கலங்கல் போகிறதா என்று கேட்பார். பக்கத்து மனை இன்னும் காலிதான். ஏப்ரலில் அதைப் பார்க்க யாராவது வந்தால் கேட்டைத் திறந்து, "உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்று கூப்பிட்டு, ஹால் சுவரில் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கும் அந்தக் கோட்டைக் காட்டுகிறார். தரகருக்கு அவர்மேல் பயங்கரக் கோபம்.