காஞ்சி தேடிக் கொண்டுவந்த அரசன்

ஒரகடம் கார் ஆலைகளைத் தாண்டி வாலாஜாபாத் வழியாக மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் நெடுகப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. மணற்கல் ஆதலால் பல முகங்கள் கரைந்துபோய்விட்டன. சில சிற்பங்களுக்குக் கீழே குறிப்புகள் வெட்டியிருக்கிறார்கள். சி. மீனாட்சி இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1941இல் வெளிவந்தது. அரசர்கள் குலப்பெருமையைக் கல்லில் வெட்டுவது வழக்கம்தான். ஆனால் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன், தான் பட்டத்துக்கு வந்த கதையை இவ்வளவு விரிவாக வெட்டி வைத்ததில் பெருமையைவிட அவசியமே அதிகம் என்று தோன்றுகிறது.

ஏறத்தாழ கி.பி. 731இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். நாடு தலையில்லாமல் நின்றது. மாத்திரர் எனப்பட்ட அமைச்சர்களும், கடிகை என்ற கல்விக்கூடத்தாரும், மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட பெருங்குடி மக்களும் கிளம்பி இரணியவர்மனிடம் போனார்கள். அவன், முந்தைய பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவன். தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கேட்டான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுத்தார்கள். நான்காமவன் பல்லவமல்லன், 12 வயதுப் பையன், நான் போகிறேன் என்றான். தகப்பனுக்கு மனமில்லை, தரண்டிகொண்ட போசர் என்பவர் தேற்றி அனுப்பிவைத்தார். மலை, ஆறு, காடு கடந்து வந்தவனைக் காஞ்சிக்கு வெளியே பல்லவாடி அரையர் எதிர்கொண்டு அழைக்க, நந்திவர்மன் என்ற பெயரில் முடி சூட்டினார்கள். கம்போடியாவிலிருந்து வந்த சிறுவன் என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குச் சுவரில் ஆதாரம் இல்லை.

இதைக் குடியாட்சி என்று கொண்டாடுவது அவசரம். காசாக்குடிச் செப்பேடு ‘குடிகள் வரித்தவன்’ என்ற பொருளில் இவனைப் பாடினாலும், கேட்கப் போனவர்கள் அதிகாரமும் கல்வியும் உள்ளவர்கள்தாம். ஏரோட்டியவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அதே நூற்றாண்டின் நடுவில் வங்காளத்தில் கோபாலனையும் இப்படித்தான் பிரகிருதிகள் அரசனாக்கினார்கள் என்று காலிம்பூர்ச் செப்பேடு சொல்கிறது. எட்டு நூற்றாண்டு கழித்துப் போலந்தில் பிரபுக்கள் கூடி அரசனைத் தேர்ந்தபோது நிபந்தனைகளை எழுதி வைத்தே தேர்ந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மன்றத்தைக் கூட்ட வேண்டும், அதன் சம்மதமில்லாமல் புதுவரி கூடாது என்று 1573இல் எழுதியதற்கு, 1576இல் வந்த ஸ்டீபன் பாத்தோரியும் கட்டுப்பட்டான். காஞ்சியில் அப்படி ஓர் எழுத்து நமக்குக் கிடைக்கவில்லை. நந்திவர்மன் என்ன திருப்பிச் செய்தான் என்பதை அவன் கொடைகளில்தான் பார்க்க வேண்டும்.

காசாக்குடிச் செப்பேடு அவனுடைய 22ஆம் ஆட்சியாண்டுடையது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் கொடுகொள்ளி என்ற ஊரை ஓர் அந்தணருக்குப் பிரமதேயமாகத் தருகிறது. ஊற்றுக்காடு, இன்றைய வாலாஜாபாத் பக்கத்து ஊர். அரசன் திருமுகம் வந்ததும் நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்துக்கொண்டார்கள். பிறகு எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள். கோட்டையில் கையெழுத்தானால் போதாது. நாட்டார் நடந்தால்தான் எல்லை எல்லையாகும். செக்கு, தறி, தரகு என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டு, அந்த வரிகள் இனி ஊருக்கு இல்லை என்கிறது. அதைவிட முக்கியம் தண்ணீர். செய்யாறு, வெஃகா, திரையனேரி மூன்றிலிருந்தும் கால்வாய் வெட்டிக்கொள்ளும் உரிமை. அந்தக் காலிலிருந்து திருட்டுத்தனமாக நீர் எடுப்பவனுக்குத் தண்டம். திரையனேரி என்பது தென்னேரி என்று கொள்கிறார்கள். ஒரகடத்துக்கு மேற்கே இன்றும் கிடக்கும் பெரிய ஏரி அது. தொண்டைமண்டலத்தில் நிலம் கொடுப்பது சுலபம், நீரைப் பங்கிடுவதுதான் ஆட்சி. கொடை பெற்றவர்கள் கற்றவர்கள் என்பதும், இவனை அழைத்து வந்தவர்களில் கடிகையார் இருந்தார்கள் என்பதும் தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

வெளிநாட்டுப் பகையும் இந்தத் தேர்வின் நிழலிலேயே நடந்தது. சித்திரமாயன் என்ற பல்லவ இளவரசன் உரிமை கோரினான்; தென்னாட்டு அரசர்கள் அவன் பக்கம் நின்றார்கள். நந்திபுரத்தில் அரசனை முற்றுகையிட்டபோது, வேகவதிக் கரையிலிருந்த வில்வலபுரத்துத் தலைவன் உதயசந்திரன் வந்து மீட்டுச் சித்திரமாயனைக் கொன்றான். வடக்கே அசுவமேதக் குதிரை விட்ட நிஷாத அரசன் பிருதிவிவியாக்கிரனை விரட்டியவனும் அவனே. உதயேந்திரம் செப்பேட்டின்படி அரசன் 108 அந்தணருக்கு விட்ட ஊருக்கு உதயசந்திரமங்கலம் என்று தளபதியின் பெயரே வைக்கப்பட்டது. தன் பெயரை வைக்க உரிமையுள்ள அரசன் இப்படி விட்டுக்கொடுத்ததில் அவன் பட்ட கடன் தெரிகிறது.

ஆனாலும் தோல்விகள் உண்டு. சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே புகுந்தான். ஊரை அழிக்காமல், கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்ததாக அங்கே கன்னடத்தில் வெட்டிவிட்டுப் போனான். அதை அழிப்பவன், கடிகையாரைக் கொன்றவன் போகும் உலகத்துக்குப் போவான் என்று முடிகிறது அந்தக் கல்வெட்டு. பகைவனுக்கும் தெரிந்திருக்கிறது, இந்த ஊரில் யார் கனமானவர்கள் என்று. பின்னர் இராட்டிரகூடத் தந்திதுர்க்கனும் காஞ்சி மேல் வந்தான். அந்தப் பகை திருமணத்தில் முடிந்ததாகத் தெரிகிறது: அரசி ரேவாவை இராட்டிரகூடப் பெண் என்றே ஆய்வாளர் கருதுகிறார்கள், மகன் பெயரும் தந்திவர்மன். தெற்கே பாண்டியரோடு மட்டும் சமாதானம் கூடவில்லை. மாறவர்மன் இராசசிம்மனும் அவன் மகன் நெடுஞ்சடையனும் பல்லவரை வென்றதாக வேள்விக்குடிச் செப்பேடு பாடுகிறது. நெடுஞ்சடையனின் வெற்றி பெண்ணாகடத்தில். இவ்வளவுக்கும் இடையில் நந்திவர்மன் ஏறத்தாழ 65 ஆண்டு ஆண்டான்.

அவனுக்குப் பின் தந்திவர்மன் பட்டமேறினான். நந்திவர்மனுக்கும் ரேவாவுக்கும் பிறந்தவன் என்கிறது வேலூர்ப்பாளையம் செப்பேடு. இந்த முறை கடிகையார் யாரையும் தேடிப் போகவில்லை.