இரவல் திறமையும் தீராத கடனும்

நீதி என்பது யாது என்ற வினாவைப் பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் எழுப்பப் புகுந்தபோது, அவ்விசாரணைக்கு அவர் தேர்ந்துகொண்ட இடம் ஏதென்ஸ் நகரத்துப் பிரஜை ஒருவரின் மாளிகையன்று. ஸிரக்யூஸிலிருந்து வந்து பைரேயஸ் துறைமுகத்தில் குடியிருந்த கெஃபலஸ் என்னும் அந்நியரின் இல்லம். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் வேண்டிக்கொண்டதன்பேரில் வந்த அம்முதியவர் முப்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். ‘மெட்டிக்’ எனப்பட்ட இத்தகைய குடியேறிகளிடம் ஆண்டுக்கு 12 திராக்மா தலைவரி பெற்றுக்கொண்டு, போருக்கும் அவர்களை அழைத்துக்கொண்ட அந்நகரம், நிலம் வாங்கவோ வாக்களிக்கவோ மட்டும் அவர்களை விடவில்லை. கி.மு. 404இல் ஜனநாயகத்தை அகற்றிவிட்டு வந்த முப்பதின்மர் ஆட்சி, கெஃபலஸின் மகன் பொலிமார்க்கஸை நஞ்சருந்தச் செய்தது. தப்பியோடிய மற்றொரு மகன் லிஸியாஸ், ஜனநாயகம் மீளும்பொருட்டுப் பணமும் கேடயங்களும் தந்துதவினார். அதற்கு நன்றியாக அவருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய தீர்மானமோ, ஆலோசனைச் சபையின் வழியாக வரவில்லை என்ற காரணத்தால் செல்லாததாயிற்று. (அக்குடும்பத்தின் கேடயப் பட்டறையில் உழைத்தவர்கள் அடிமைகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அநீதிக்கு ஆளானவர் கையும் சுத்தமாக இல்லை.)

உண்மை பேசுதலும் வாங்கியதைத் திருப்பித் தருதலுமே நீதி என்பது ‘குடியரசு’ நூலில் கெஃபலஸின் கட்சி. ஸாக்ரடீஸ் அதை நொடியில் மடக்கிவிடுகிறார். எனினும், அந்நியரின் திறமையை இரவல் வாங்கும் தேசங்களைப் பரிசோதிக்க அந்த எளிய இலக்கணமே போதும் என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். சமையல்காரர், வெல்டர், செவிலியர் என உள்நாட்டில் ஆள் அகப்படாத தொழில்களுக்கு, ஒரு முதலாளியின் பொறுப்பில் நான்கு ஆண்டுவரை வெளிநாட்டாரை அமர்த்திக்கொள்ள, 1996இல் அந்நாடு 457 என்னும் எண்ணுள்ள விசாவை ஏற்படுத்தியது. 2018இல் பெயரும் எண்ணும் மாறின. 2024இல் பெயர் மறுபடி மாறியது. ஆள் பற்றாக்குறை மட்டும் அப்படியே இருக்கிறது. தேவை நிரந்தரமாயிருக்க, அதை நிறைக்க வந்தவனே தற்காலிகமாகிறான்.

வாரத்துக்கு 38 மணி நேரம் என்று கையெழுத்திட்டு வந்த சமையல்காரன் ஒருவன், வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டியும் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கையில், ஓவர்டைம் கூலி ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்து அடங்கிவிடுகிறான் என்றால், அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடலாகாது. 2013 வரையில், வேலை போன 28 நாளைக்குள் வேறு முதலாளி கிடைக்காவிடில் அவன் குடும்பத்தோடு மூட்டை கட்ட நேரும். பிற்பாடு அந்த அவகாசம் 90 நாளாகி, 60ஆகச் சுருங்கி, 2024 ஜூலையில் 180 ஆயிற்று. அவனுடைய துணிவும் அந்த எண்ணோடுதான் ஏறி இறங்கிற்று.

அறிந்தே சம்மதித்தான், பின் என்ன முறையீடு என்பர். இருபத்தைந்து வயதில் கொடுத்த சம்மதம், குழந்தை அந்த ஊர்ப் பேச்சைத் தாய்மொழிபோலப் பேசத் தொடங்கிய பின்னும் அதே பொருளில் செல்லுமா? 1795இல் வெளியிட்ட தமது ‘நிரந்தர சமாதானம்’ என்னும் நூலில், அந்நியனுக்கு வந்துபோகும் உரிமையுண்டேயன்றி விருந்தாளியாகத் தங்கும் உரிமையில்லை என்று தத்துவஞானி காண்ட் வரையறுத்தார். ஆனால் இவனோ தானாக வந்து கதவைத் தட்டியவனல்லன், வரவழைக்கப்பட்டவன். பிரஜையாகும் வழியைத் திறந்து வையுங்கள், அன்றேல் அழைக்காதீர்கள் என்பது, 1983இல் மைக்கேல் வால்ஸர் எழுதிய ‘நீதியின் களங்கள்’ நூலின் முடிபு. இதன் பின்பாதி எனக்கு உடன்பாடன்று. கதவைச் சாத்துவதால் உள்ளிருப்போரின் மனச்சாட்சி வேண்டுமானால் தூய்மையடையும், வெளியில் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் அடுப்பெரியாது.

கூலியாள் சகோதரனாயினும் அந்நியனாயினும் சூரியன் அஸ்தமிக்குமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று விவிலியத்தின் உபாகமம் விதிக்கிறது. ஒரு நாளைய உழைப்புக்கு அது சரி. வாங்கியது ஆண்டுக்கணக்கான ஆயுளாயின், சம்பளத்தோடு கடன் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. தங்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற எந்த முதலாளியிடம் உழைத்த காலமும் நிரந்தர வசிப்புரிமைக்குக் கணக்காகும் என்று 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியா விதியைத் தளர்த்தியது நல்லதே. ஆயினும் அவ்வழியில் முதலாளி ஒருவரின் பரிந்துரை இன்னமும் வேண்டியிருக்கிறது. குறித்த காலம் உழைத்தவன் தானே விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று அதையும் மாற்றுவதே முறை.